பல் மருத்துவரிடம் விரலை நீட்டியவர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கண்ணாடி மாற்றப் போன இடத்தில் இலவசமாகக் கிடைத்தது. நான் எழுதியதை நானே படிக்க முடியாத அளவுக்கு எழுத்தெல்லாம் மங்க ஆரம்பித்திருந்தது. (அதில் உனக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை என்றார்கள் நண்பர்கள்.) தெருமுனைக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சட்டம் ஒன்றை மாட்டி, அதில் வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று ஒரு கேள்வி. நான் பதில் சொல்வதற்குள், "அன்னைக்குப் பல் டாக்டர்கிட்ட என்ன ஆச்சு தெரியுமா தம்பி?" என்று அடுத்த கேள்வி.

ஆக, கதையைக் கேட்ட நேரம் முழுக்க, சொன்னவரின் முகம் எனக்கு ஒரு மங்கல் உருண்டையாகத்தான் இருந்தது. எங்கே சிரித்தார், எங்கே கண் கலங்கினார் என்பதெல்லாம் குரலை வைத்து நான் ஊகித்தவை. தவறு இருந்தால் பழியை வில்லையின்மேல் போடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. கதையின் கடைசிப் பகுதியை அவர் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த நேரத்தில் ஒருவர் கடைக்குள் வந்துவிட்டார். அவர் யார் என்பதை அவர் வரும்போது சொல்கிறேன்.

2

எடுத்த எடுப்பில் தொடக்கம் அமையவில்லை. முதல் முயற்சி இது:

"தங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதே தெரியாமல் எத்தனையோ பேர் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்களில் பலரைப் பல் மருத்துவர்கள்தான் முதன்முதலில் —"

இது கதை இல்லை, காத்திருப்பு அறைச் சுவரில் ஒட்டுகிற தாள். அடித்துவிட்டேன். அடுத்தது:

"மூடிய கதவுக்கு அப்பால் பல்லைக் குடையும் கருவி ஒன்று அலறியது. அவன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றினான். அவனுடைய நரம்புகளில் —"

நரம்புகளில் என்ன ஓடியது என்று எனக்கே தெரியவில்லை. தவிர, ஐம்பதைத் தாண்டியவர், தெருவே அண்ணன் என்று கூப்பிடுகிற மனிதர், அவரைப் போய் 'அவன்' என்று எழுதக் கை வரவில்லை. மூன்றாவதாக ஒன்று வந்தது:

"கண்ணாடிக்காரரின் முன்பல் ஆடியது."

இது பரவாயில்லை. சின்ன வாக்கியம், உள்ளதைச் சொல்கிறது. படிக்கிறவருக்குத் தன் பல்லையும் ஒருமுறை நாக்கால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். (பார்த்தீர்கள்தானே?) இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கண்ணாடிக்காரரின் முன்பல் ஆடியது. மேல்வரிசையில், சிரித்தால் முதலில் தெரிகிற பல். அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடிக்க வேண்டியதை எல்லாம் ஓரப்பல்லுக்குத் தள்ளினார். ஆப்பிளைக் கத்தியால் மெல்லிசாகச் சீவித் தின்னப் பழகினார். பல் துலக்கும்போது எச்சிலோடு இரத்தம் வந்தால், குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பார்க்காதவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவர் தன் வாயைப் பார்க்க மறுத்துவிட்டார்.

மற்றவர்களிடம் மறைக்கலாம், மனைவியிடம் மறைக்க முடியுமா? அதுவும் அவர் மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். பெட்டிக்குள் காலெடுத்து வைத்ததுமே, யார் தூங்குகிறார்கள், யார் தூங்குகிறமாதிரி நடிக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற ஆசாமிகளுக்காகக் கதவைத் தட்டுவதுகூட இல்லை. வெளியே அமைதியாக நின்றுகொள்வார். அப்படிப்பட்டவர், கணவர் ஆப்பிளைச் சீவித் தின்னும் அழகை எத்தனை நாள் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார்?

"வாயத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னா திறங்க."

திறந்தார். பரிசோதகர் ஒரு விரலால் பல்லைத் தொட்டார். பல் அசைந்து கொடுத்தது. அந்தப் பகலிலேயே பல் டாக்டரிடம் நேரம் வாங்கியாயிற்று.

பல் போவதைப் பற்றிக் கண்ணாடிக்காரருக்குப் பெரிய கவலை இல்லை. போனால் வேறு கட்டிக்கொள்ளலாம். அவருடைய பயம் வேறு. அந்தப் பல் டாக்டர், வழக்கமான பரிசோதனைக்கு வருகிற பெரியவர்கள் யாராக இருந்தாலும், விரலில் ஒரு குத்துக் குத்தி இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்துவிடுவார். கண்ணாடிக்காரரின் சொந்த அண்ணன், அங்கே பல்லில் கறை எடுக்கப் போய்ச் சர்க்கரை நோயாளியாகத் திரும்பி வந்தவர். "அந்தப் பொண்ணு கறைய எடுத்துக்கிட்டு இதக் கையில குடுத்து அனுப்பிடுச்சு" என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்வார். அதிலிருந்து கண்ணாடிக்காரர் பல் டாக்டர், பொது டாக்டர், இலவச முகாம் என்று எல்லாவற்றுக்கும் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தார்.

எண் ஒன்று வந்து அது மனைவியின் கையில் கிடைத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே வீட்டில் சர்க்கரை டப்பாவுக்குப் பாதி ஊரடங்கு. எண்ணும் சேர்ந்தால் முழு ஊரடங்குதான். கடையில் பவர் ஏறிவிட்டதே என்று முகம் சுண்டிப் போகிறவர்களிடம், "நம்பர்தானே மாறியிருக்கு, நீங்க அதே ஆள்தானே" என்று தேற்றுகிறவர் அவர். அந்த வசனத்தைத் தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

4

இதுவரை எழுதியதை என் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே துணி மடித்தவள், முடித்ததும் தலையைத் தூக்கினாள்.

"ஏன்டா, பொண்டாட்டின்னா போலீஸ், புருஷன்னா பாவம். இன்னும் எத்தன நாளைக்குடா இதையே எழுதிக்கிட்டு இருப்பீங்க?"

"கொஞ்சம் சிரிப்பு வரட்டுமேன்னு..."

"எனக்கு வரலயே."

அக்கா சொன்னால் சரியாக இருக்கும் என்று நான் வெளியே ஒப்புக்கொள்வதில்லை. உள்ளே வந்து பரிசோதகரை மறுபடியும் யோசித்தேன். வெறும் கண்டிப்புக்காக ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுவாளா? அப்போதுதான், வில்லை மாற்றுகிற சாக்கில் கண்ணாடிக்காரர் போகிறபோக்கில் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. சிரிப்புக்கு உதவாது என்று நான் அதை விட்டுவிட்டிருந்தேன்.

ஓடுகிற ரயிலில் பயணி ஒருவர் பரிசோதகரின் கண்முன்னே சரிந்து விழுந்திருக்கிறார். டிக்கெட்டுக்காகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தவர். கூட யாரும் இல்லை. உடம்பில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்படி ஒரு நோய் தனக்கு இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாதாம். அடுத்த நிலையம் வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத அந்த ஆளிடம் பரிசோதகர் பேசிக்கொண்டே வந்திருக்கிறார். ஆள் பிழைத்துக்கொண்டார். பரிசோதகர் வீடு திரும்பி, சீருடையைக்கூட மாற்றாமல், சர்க்கரை டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தார்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். பிள்ளைகள் இல்லை. இரண்டில் ஒன்று போனால் மிச்சம் ஒன்று என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. பரிசோதகருக்கு அந்தப் பயம் இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல வராமல், சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்.

இதை எழுதி அக்காவிடம் படித்தேன். "ம்ம்" என்றாள். எங்கள் வீட்டில் அது பாராட்டு.

5

இனி பல் டாக்டரின் காத்திருப்பு அறை.

நாற்காலிகள் சுவரோரமாக. நடுவில் குட்டை மேசை, அதில் பெரிய பிளாஸ்டிக் தாடை ஒன்று. அதைத் திறந்து மூடி விளையாடலாம், ஆனால் அங்கே வருகிறவர்களுக்கு விளையாடும் மனநிலை இருப்பதில்லை. எல்லாரும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தால் அங்கேயே பிடுங்கிவிடுவார்களோ என்கிறமாதிரி.

கண்ணாடிக்காரரின் சட்டைப்பையில் ஒரு ஜெல்லி மிட்டாய் இருந்தது. மேலே சர்க்கரை தூவிய வகை. பயம் வந்தால் அவருக்கு வாயில் ஏதாவது இனிப்பாக வேண்டும். (சர்க்கரைப் பரிசோதனைக்குப் பயந்து ஜெல்லி மிட்டாய் தின்கிற மனிதரை நான் கற்பனையில் உருவாக்கியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நல்லவேளை, இது அவரே சொன்னது.) மனைவி அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, பைக்குள் இரண்டு விரலை விட்டார்.

"வெளிய எடுங்க."

"என்னது?"

"பையில இருக்கிறது."

கையும் களவுமாகப் பிடிபட்டார். உடம்புச் சூட்டில் மிட்டாய் பாதி இளகியிருந்தது. பரிசோதகர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். குப்பைத்தொட்டி எங்கே என்று அவர் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அழைப்பு வந்தது. மூடிய கையோடு எழுந்து, கதவோரத் தொட்டியில் போட்டுவிட்டு, கணவரை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

(மர்மக் கதை எழுதுகிறவராக இருந்தால் இந்த மிட்டாயை வேறு பத்துப் பொருள்களுக்கு நடுவே ஒளித்துவைத்திருப்பார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மிட்டாய் முக்கியம். அவ்வளவுதான்.)

6

வாய் திறந்திருக்கும்போது பார்த்துக் கேள்வி கேட்பது பல் டாக்டர்களுக்கு மட்டுமே உள்ள உரிமை. இந்த டாக்டர் இளம் பெண். மெல்லிய கம்பி ஒன்றால் ஈறைத் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"அடிக்கடி தாகம் எடுக்குதா அங்கிள்?"

"ஆ."

"தூக்கத்துல எழுந்து எழுந்து பாத்ரூம் போறீங்களா?"

"ஆ, ஆ."

"எடை குறைஞ்சிருக்கா?"

"ஆ."

"அவரு ஆன்னா இல்லன்னு அர்த்தம்" என்று பரிசோதகர் மொழிபெயர்த்தார்.

கம்பி பட்ட இடமெல்லாம் இரத்தம் கசிந்தது. டாக்டர் கம்பியை வைத்துவிட்டு, நாற்காலியை நிமிர்த்தினார்.

"ஈறு நல்லா வீங்கியிருக்கு. சுத்தம் பண்ணா பல்லக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். ஆனா சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு சொட்டு ரத்தத்துல பார்த்துடுவோம். சர்க்கரை கூடினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை அடங்காது. ரெண்டும் கூட்டாளிங்க. பாதிப் பேருக்கு இங்க வந்துதான் தெரியவருது. மத்த டாக்டர்கிட்ட போகாதவங்ககூட பல் வலின்னா வந்துதானே ஆகணும்? போய் சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு வாங்க அங்கிள்."

கண்ணாடிக்காரர் மூலையிலிருந்த தொட்டிக்குப் போனார். சோப்புப் போட்டார். விரலிடுக்கெல்லாம் தேய்த்தார். கழுவினார். மறுபடியும் சோப்புப் போட்டார். அறுவைச் சிகிச்சை செய்யப் போகிறவர்கூட அவ்வளவு நேரம் கழுவமாட்டார். ஒரு மனிதர் கம்பி நீட்ட வழியில்லாதபோது வேறு என்னதான் செய்வார்?

பரிசோதகருக்குப் பொறுமை போயிற்று. அதோடு, டாக்டரின் நேரத்தை வீணாக்குகிறோமே என்ற கூச்சம் வேறு.

"இங்க பாருங்க. முதல்ல எனக்குக் குத்துங்க டாக்டர். நான் டிக்கெட் கேக்குறதுக்கு முன்னாடி என் அடையாள அட்டையக் காட்டுவேன். அதுதான் முறை. நான் காட்டினா இவரும் காட்டுவாரு."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். டாக்டருக்குச் சிரிப்பு. எல்லாரையும் கை கழுவ அனுப்புகிறவர், அந்தச் சிரிப்பில், நீட்டிய விரலைப் பஞ்சால் ஒரு துடைப்புத் துடைத்துவிட்டுச் சட்டென்று குத்திவிட்டார். எறும்பு கடித்த அளவுகூட வலி இல்லை என்று பரிசோதகர் சத்தமாக அறிவித்தார். அறிவிப்பு தொட்டியடியில் நின்றவருக்கு.

கையடக்கக் கருவி எண்ணைக் காட்டியது. டாக்டரின் சிரிப்பு நின்றது.

(எண் என்ன என்று கேட்பீர்கள். சொல்லமாட்டேன். சில நாடுகளில் இதை நூற்றுக்கணக்கில் சொல்கிறார்கள், சில நாடுகளில் புள்ளி வைத்துச் சொல்கிறார்கள். நான் ஒன்றைச் சொன்னால் பாதி வாசகர்கள் பதறுவீர்கள், பாதிப் பேர் இவ்வளவுதானா என்பீர்கள். இரண்டு நாட்டு டாக்டர்களும் ஒரே மாதிரி முகம் மாறும் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

7

முகத்தைப் படிப்பது பரிசோதகரின் தொழில். டாக்டர் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மெஷின் பழசா டாக்டர்?"

"இல்ல ஆன்ட்டி, புதுசுதான்."

"நான் எப்பவும் இப்படி இல்ல. காலைல அவசரத்துல கிளம்பினது. போன மாசம்கூட எல்லாம் சரியாத்தான்..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். தன் குரல் தன் காதிலேயே விழுந்துவிட்டது. இயந்திரம் பழுது, அவசரத்தில் ஏறினேன், நான் எப்போதும் இப்படி இல்லை, போன மாதம்கூட வைத்திருந்தேன். டிக்கெட் இல்லாதவர்கள் எல்லாரும் அவரிடம் சொல்வது இதைத்தான். அவர் அவர்களை எப்படிப் பார்ப்பாரோ, அப்படி யாரும் அவரை இப்போது பார்க்கவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்த நேரத்தில் கண்ணாடிக்காரருக்கு என்ன தோன்றியது? எழுத எனக்குத் தயக்கம். அவருக்குச் சொல்வதில் தயக்கமே இல்லை.

"சந்தோஷமா இருந்துச்சு தம்பி. பொய் சொல்லக்கூடாது. அப்படி ஒரு சந்தோஷம்."

தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், ஆடும் பல் தெரிய. பறிமுதல் செய்கிறவரே மாட்டிக்கொண்டார்! இனி வீட்டில் யார் யார் பையைத் தடவுவது? முகத்தை இரக்கத்துக்குத் தோதாக மாற்றிக்கொண்டு திரும்பினார்.

பரிசோதகர் பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்தபடி, சுவரோர நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கேயும் நுனியில் உட்காருகிறவர் இல்லை. டாக்டரைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னக் குரலில் சொன்னார்.

"இவருக்கு ஒரு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது டாக்டர்."

கண்ணாடிக்காரரின் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. இத்தனை காலம் தன் எண்ணைப் பற்றியே பயந்துகொண்டிருந்தவர், அவளுக்கும் ஓர் எண் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் இல்லாத வீட்டை ஒரு நொடி யோசித்தார். உடனே யோசிப்பதை நிறுத்திக்கொண்டார்.

குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கைகளில் நுரை.

"டாக்டர், என்ன மட்டும் எதுக்குக் கை கழுவச் சொன்னீங்க?"

"கைல இனிப்பு ஏதாவது ஒட்டியிருந்தா ரத்தத்துல கலந்துடும் அங்கிள். நம்பர் தப்பா ஏறிக் காட்டும்." சொல்லி முடித்ததும் டாக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ, ஆன்ட்டி, உங்க கை..."

பரிசோதகர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கணவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவே வீட்டில் எத்தனை சட்டம் இருந்தாலும், வெளியார் முன்னால் விட்டுக்கொடுப்பதில்லை.

"மிட்டாய்" என்றார் கண்ணாடிக்காரர். "ஜெல்லி மிட்டாய் டாக்டர். என்னுது. என் பையிலேர்ந்து பிடுங்கி அந்தக் கையிலதான் வச்சிருந்தா." அதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மை பேச ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. "கடையிலயும் இருக்கு. லென்ஸ் பெட்டிக்குப் பின்னாடி. ஒரு பாக்கெட்."

"தெரியும்" என்றார் பரிசோதகர்.

8

சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பரிசோதகர் இப்போது வேறு விரலை நீட்டினார். குத்துவதற்கு முன்னால் டாக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்.

"மிட்டாய் ஏத்திவிட்டிருக்கலாம் ஆன்ட்டி. ஆனா எல்லாமே மிட்டாய்தானா, இல்ல அடியில நிஜமாவே கொஞ்சம் இருக்கான்னு எனக்கு இப்பத் தெரியாது. இதுல கூட வந்தாலும் இதுவே முடிவு இல்ல. லேப்ல கொடுத்துப் பார்த்துட்டு, டாக்டரப் போய்ப் பார்க்கணும்."

குத்தினார். சொட்டை உறிஞ்சிக்கொண்ட கருவி யோசிக்க ஆரம்பித்தது. அது யோசிக்கச் சில விநாடிகள்தான் எடுத்துக்கொள்ளும். நான் இங்கே அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கிறேன். எழுதுகிறவனுக்கு வாய்க்கிற ஒரே அதிகாரம் இது.

முடிவு ஒன்று: எண் இயல்பாக வருகிறது. பரிசோதகர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறார். "நான்தான் சொன்னேனே" என்கிறார், ஒன்றுமே சொல்லாதிருந்தும். எல்லாரும் சிரிக்கிறார்கள். எழுதச் சுலபமான முடிவு. ஆனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் நிம்மதியாக ஒரு ஜெல்லி மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வீர்கள். பல் டாக்டர் என்னை மன்னிக்கமாட்டார்.

முடிவு இரண்டு: எண் மறுபடியும் உயர்ந்தே வருகிறது. கண்ணாடிக்காரர் மனைவியின் தோளில் கை வைத்து, "நம்பர்தானே..." என்று தொடங்கி, முடிக்க முடியாமல் — வேண்டாம். அழவைக்கும் நோக்கத்தோடு நான் இதை ஆரம்பிக்கவில்லை. சர்க்கரை ஒன்றும் உலகத்தின் கடைசியும் இல்லை. கண்ணாடிக்காரரின் அண்ணன் அதை வைத்துக்கொண்டு தினமும் நடந்து, மருந்து சாப்பிட்டு, ஊர் வம்பெல்லாம் பேசிக்கொண்டு செழிப்பாகத்தான் இருக்கிறார்.

முடிவு மூன்று: எண் எல்லைக்கோட்டில் நிற்கிறது. இது இலக்கியவாதிகளுக்குப் பிடிக்கும். அக்காவிடம் சொன்னேன். "எதையும் முடிவு பண்ணத் தெரியலன்னா இப்படி எழுதுவீங்க போல" என்றாள்.

மூன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றிலும் கண்ணாடிக்காரர் சும்மா நின்றுகொண்டிருக்கிறார். அவர் சும்மா நிற்கவில்லை. கருவி யோசித்துக்கொண்டிருந்த அந்தச் சில விநாடிகளுக்குள் அவர் ஒரு காரியம் செய்தார். அவரே எனக்குச் சொன்னது அது. அதற்கு மாற்று எதுவும் நான் யோசிக்கவில்லை.

9

கண்ணாடிக்காரர் தொட்டியை விட்டு வந்து, மனைவியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் கூப்பிடவில்லை. டாக்டரின் மேசையில், மனைவியின் கைக்குப் பக்கத்தில், தன் கையைக் கொண்டுபோய் வைத்தார். ஆள்காட்டி விரல் தனியாக நீண்டிருந்தது.

"எனக்கும் குத்துங்க டாக்டர். ரெண்டு நம்பரையும் சேத்தே பாத்துக்கறோம்."

டாக்டர் ஊசியை எடுத்தார். பரிசோதகர் கருவியைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த விரலைப் பார்த்தார். சோப்பு வாசம் இரண்டு கையிலும் ஒன்றுபோல் இருந்தது. இருந்தாலும் கேட்டார்.

"ஒழுங்கா கழுவினீங்களா?"

"ரெண்டு தடவ."

பரிசோதகர் சிரித்துவிட்டார் என்று கண்ணாடிக்காரர் சொன்னார். அழுதுகொண்டே சிரித்தார் என்று எழுதியிருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதால் எடுத்துவிட்டேன். சிரித்தார், அவ்வளவுதான். அப்போது கருவி "பீப்" என்றது.

10

"இது தெளிவா, இதுவா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"அண்ணே, நம்பர் என்ன வந்துச்சு?"

"இத முதல்ல சொல்லுங்க தம்பி, எழுத்துத் தெரியுதா?"

"தெரியுது. நம்பர்?"

"அதானே சொல்ல வரேன். எட்டிப் பாத்தேனா..."

கடைக் கதவின் மணி அடித்தது. புது வில்லையின் வழியாக எனக்கு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ரயில்வே சீருடையில் ஓர் அம்மா. தோளில் பை. கடையில் என்ன பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று அவருக்குப் புரிய ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சொல்லிட்டாரா?"

"பீப் வரைக்கும்" என்றேன் நான்.

கண்ணாடிக்காரர் அவசரமாகத் துணியெடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி ஒன்றைத் துடைக்க ஆரம்பித்தார். முன்பல் அங்கேயேதான் இருந்தது. ஆடுகிறதா என்று அந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. "கிளம்புங்க, நடக்கப் போகணும்" என்றார் பரிசோதகர். இரண்டு பேர் காலிலும் நடைக்கான காலணிகள். அதை வைத்து எதையாவது கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு ஜோடியும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன. நான் துப்பறிவதை அவர் பார்த்துவிட்டார்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நான் கதை எழுதறவன். அந்த ரெண்டு நம்பரும் தெரிஞ்சா முடிச்சிடுவேன்."

அவர் கோபப்படவில்லை. பயணிகளிடம் விதியைச் சொல்கிறவரின் பொறுமையோடு சொன்னார்.

"டிக்கெட்ட எல்லாருக்கும் காட்டணும்னு இல்ல தம்பி. பரிசோதகருக்குக் காட்டினாப் போதும். நான் அவருக்குக் காட்டிட்டேன், அவரு எனக்குக் காட்டிட்டாரு."

கண்ணாடிக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் தெளிவாகப் பார்த்தேன். அதை விவரித்து எழுத ஒரு வாக்கியம் தொடங்கினேன். அவர் கண்களில் — வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

"சரி, உங்களுக்கு எவ்வளவு?" என்றார் பரிசோதகர் என்னிடம்.

"எனக்கா? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் வேல நெருக்கடி. அடுத்த வாரம்..."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நின்றார். அடுத்த வாரம் என்று நான் சொன்னது கடைக்குள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை பல் டாக்டரிடம் போகிறேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார். போனேனா, என் எண் என்ன என்றெல்லாம் கேட்காதீர்கள். நான் காட்ட வேண்டியவருக்குக் காட்டிக்கொள்கிறேன்.

என் பக்கம் வேலை முடிந்தது. இப்போது பரிசோதகர் உங்கள் இருக்கையை நோக்கி வந்துகொண்டிருக்கிறார். தூங்குகிறமாதிரி நடிக்க வேண்டாம்.